மச்சானுக்குப் பத்துப் பன்னிரண்டு மெயில்

தமிழ்மாறனிடம் ஒரு வேலையைச் சொன்னால் செய்துவிடுவான். சங்கிலியம்மாளுக்கு அதுதான் பயம். சொன்ன வேலையைச் செய்யாத புருஷனோடு எப்படியாவது காலம் தள்ளிவிடலாம். சொன்னதையும் செய்து, சொல்லாததையும் சேர்த்துச் செய்து, ‘எப்படி இருக்கு?’ என்று முகத்தையும் பார்த்துக்கொண்டு நிற்கிற மனுஷனை வைத்துக்கொண்டு என்னதான் பண்ணுவது?

சுருளிப்பட்டியில் அவனுடைய அப்பாவுக்குத் திராட்சைத் தோட்டம் இருந்தது. கொள்கைப் பிடிப்புள்ள ஆள். மகனுக்கு அந்தப் பெயர் வைத்ததும் அதனால்தான். தோட்டத்தைத் தம்பி பார்த்துக்கொண்டான். மூத்தவனுக்குக் கொடியைக் கண்டாலே கொட்டாவி வரும். மதுரையில் கம்ப்யூட்டர் டிப்ளமோ படித்தான், சென்னையில் ஒரு கம்பெனியில் இரண்டு வருஷம் குப்பை கொட்டினான், “அங்கன தண்ணியும் சரியில்ல, மனுசனும் சரியில்ல” என்று பெட்டியைக் கட்டிக்கொண்டு வந்துவிட்டான். கம்பம் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் ஆறு சிஸ்டம் போட்டு பிரவுசிங் சென்டர் ஆரம்பித்தான். பரீட்சை ரிசல்ட் வருகிற அன்றைக்கு ரோடு வரைக்கும் கூட்டம் நிற்கும். மற்ற நாட்களில் துபாயில் இருக்கிற பிள்ளைக்கு மெயில் எழுத வருகிற அப்பாமார், வேலைக்கு விண்ணப்பம் போட வருகிற பெண்கள், ஜாதகப் பொருத்தம் பார்க்க வருகிறவர்கள். யார் வந்தாலும் முகம் சுளிக்காமல் செய்து கொடுப்பான். கெட்டவன் என்று ஊரில் ஒருத்தரும் சொல்ல மாட்டார்கள். அதுவும் ஒரு எரிச்சல்தான். நாலு கெட்ட பழக்கம் இருந்தால் திட்டுவதற்காவது வசதியாக இருக்கும்.

கெட்ட பழக்கம் இல்லையே தவிர, ஒரு பைத்தியம் இருந்தது. ஒரு பட்டனைத் தட்டினால் ஊர்ப்பட்ட பேருக்கு மெயில் போக வேண்டும்.

அது திராட்சை விவசாயிகள் சங்கத்தால் வந்த வினை. எந்தத் தோட்டத்தில் எப்போது பழம் வெட்டுகிறார்கள் என்று கேரளத்து வியாபாரிகளுக்கு மெயில் அனுப்பித் தரச் சொன்னார்கள். இவன் எல்லாருடைய முகவரியையும் ஒரே மெயிலில் மொத்தமாகப் போட்டு அனுப்பிவிட்டான். யார் யார் இங்கே பழம் எடுக்கிறார்கள் என்பது வியாபாரிகள் எல்லாருக்கும் வெட்டவெளிச்சமாகிவிட்டது. கோட்டயத்துக்காரர் வீட்டுக்குப் போன் போட்டு, “எந்தா சாரே இது?” என்று ஆரம்பித்தார். அதற்கு மேல் சொன்னதெல்லாம் மலையாளம் என்பதால் சங்கிலியம்மாளுக்குப் புரியவில்லை. நல்லவேளை.

அதற்கப்புறம்தான் உட்கார்ந்து ஒரு ஸ்கிரிப்ட் எழுதினான். பெயர்களையெல்லாம் ஒரு லிஸ்டில் ஏற்றி வைத்துவிட்டால், அது மேலிருந்து கீழே ஒவ்வொரு பெயராக எடுத்து, ‘அன்புள்ள இன்னார் அவர்களுக்கு’ என்று தனித்தனியாக அனுப்பும். அனுப்பி முடித்ததும் ‘முடிந்தது’ என்று பச்சை எழுத்தில் காட்டும். அந்தப் பச்சை எழுத்தைக் காட்டுவதற்கென்றே அவளைக் கடைக்கு வரச் சொன்னான்.

“பாத்தியா சங்கிலி? ஒவ்வொருத்தருக்கும் நானே ஒக்காந்து எழுதுன மாதிரிப் போகும்.”

“நீங்களே ஒக்காந்து எழுதுனா என்ன, கை தேஞ்சா போயிரும்?”

அவன் சிரித்தான். அவள் எதைச் சொன்னாலும் சிரிப்பான். இது இன்னொரு எரிச்சல்.

சங்கிலியம்மாளுக்குப் பிறந்த ஊர் வருசநாடு. அப்பாவும் அம்மாவும் அவள் சின்னப் பிள்ளையாக இருக்கும்போதே போய்ச் சேர்ந்துவிட்டார்கள். வளர்த்தது, பள்ளிக்கூடம் அனுப்பியது, கட்டிக் கொடுத்தது எல்லாம் அண்ணன் ஒச்சாண்டிதான். அந்த அண்ணன் மூன்று வருஷமாக அவள் வீட்டு வாசலை மிதிக்கவில்லை.

காரணம் இந்த பிரவுசிங் சென்டர். கடைத் திறப்பு விழாவுக்கு அண்ணன் முதல் பஸ்ஸிலேயே வந்தார், தாம்பாளத்தில் சீர் வரிசையோடும் கையில் மாலையோடும். அதற்குள் ரிப்பன் வெட்ட வந்த பிரமுகரும் அவர் பின்னால் வந்த கூட்டமும் சந்து முழுக்க அடைத்துக்கொண்டார்கள். போட்டோ எடுத்தார்கள், கை தட்டினார்கள், கேசரி கொடுத்தார்கள். அண்ணன் சந்து முனையிலேயே நின்றிருக்கிறார். ‘மச்சான், உள்ள வாங்க’ என்று ஒருத்தர் கூப்பிடவில்லை. தாம்பாளத்தை டீக்கடையில் கொடுத்துவிட்டு அடுத்த பஸ்ஸில் ஏறிவிட்டார். சாயங்காலம் டீக்கடைக்காரர் வந்து தாம்பாளத்தைக் கொடுத்தபோதுதான் அண்ணன் வந்து போனதே இவர்களுக்குத் தெரியும்.

அன்றைக்கு ஆரம்பித்தது. “நீங்க போயி ஒரு வார்த்த சொல்லிக் கூட்டியாங்க. கடை ஒங்களுது, கூப்புடாம விட்டது நீங்க” என்பாள் அவள். “ஒனக்குத்தான அண்ணன்? நீ சொன்னாத்தான் கேப்பாரு” என்பான் அவன். பொங்கல் வரும், தீபாவளி வரும், இதே பேச்சு வரும். ஆள் மட்டும் யாரும் கிளம்ப மாட்டார்கள்.

இதற்கு நடுவில் மகள் யாழினிக்கு ஆறு வயசாகிவிட்டது. இன்னும் காது குத்தவில்லை. பார்க்கிறவர்களெல்லாம் பிள்ளையின் காதைத்தான் முதலில் பார்த்தார்கள். தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் காது குத்த வேண்டும். தாய்மாமன் வராவிட்டால் ஒன்றுவிட்ட மாமன் யாராவது உட்காரட்டுமே என்று மாமியார் கூடச் சொல்லிப் பார்த்தாள். சங்கிலியம்மாள் ஒரே பேச்சில் முடித்துவிட்டாள். “எங்கண்ணன் மடியிலதான் எம்மக காது குத்தும். இல்லேன்னா குத்தாமலே கெடக்கட்டும்.”

ஒருவழியாக அந்தச் சித்திரையில் இரண்டு பேரும் ஒரு முடிவுக்கு வந்தார்கள். வைகாசி பதினாலில் குலசாமி கோயிலில் காது குத்து. வெள்ளிக்கிழமை புருஷனும் பெண்டாட்டியுமாகத் தாம்பாளத்தோடு வருசநாடு போவது, அண்ணனிடம் முதலில் சொல்வது. தாய்மாமனிடம் வாயால் சொல்வதற்கு முன்னால் பத்திரிகை கூட அடிக்க மாட்டார்கள். வேறு யார் காதிலும் அந்தத் தேதி விழக்கூடாது. அதுதான் முறை. இதை அவள் தமிழ்மாறனிடம் படித்துப் படித்துச் சொன்னாள். அவனும் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டான்.

செவ்வாய்க்கிழமை காலை பத்து மணி இருக்கும். அடுப்பில் குழம்பு கொதிக்கும்போது பெங்களூரில் இருக்கிற சின்னம்மா மகளிடமிருந்து போன் வந்தது.

“சங்கிலியக்கா, யாழினிக்குக் காதுகுத்துன்னு மெயில் வந்திருக்கு. ரொம்பச் சந்தோசம். ஆனா ஏங்கா நாலு தடவ அனுப்பிருக்கீக?”

அவளுக்குக் காலும் ஓடவில்லை, கையும் ஓடவில்லை. அடுப்பை அணைத்தாளா இல்லையா என்பது கூட நினைவில்லை. அகப்பட்ட செருப்பை மாட்டிக்கொண்டு கடைக்கு நடந்தாள். தமிழ்மாறன் வெள்ளையாய்க் கிடந்த திரையைப் பார்த்துத் தலையைச் சொறிந்துகொண்டிருந்தான்.

“என்ன பண்ணித் தொலச்சீக?”

“டெஸ்ட்டு பண்ணுனேன்மா. வெள்ளிக்கிழமை மச்சான்கிட்டச் சொல்லிட்டு வந்ததும் வெளியூர்ல இருக்கவுகளுக்கு அனுப்பணும்ல? அதுக்கு இப்பவே தயார் பண்ணி வச்சேன். டெஸ்ட்டுக்குன்னு தனி லிஸ்ட்டு இருக்கு, அதுல என் முகவரி மட்டுந்தான். அதுக்கு மாத்த மறந்துட்டேன் போல.”

“மறந்துட்டீக போலயா?”

“நெசமாவே போகுதுன்னு தெரியலம்மா. பாதில நின்னு பக்கம் வெள்ளையாயிருச்சு. சர்வர் ரொம்ப நேரம் ஓட விடாது. எதுவும் போகலன்னு நெனச்சு ரெப்ரெஷ் பண்ணுனேன். மறுபடியும் வெள்ளை. மறுபடியும் ரெப்ரெஷ் பண்ணுனேன்.”

“எத்தன தடவ?”

“பத்துப் பன்னெண்டு இருக்கும்.”

ஒவ்வொரு தடவையும் அது விட்ட இடத்திலிருந்து போகாது, மேலே முதல் பெயரிலிருந்து ஆரம்பிக்கும் என்பதை அப்போதுதான் விளக்கினான். ஒரு தடவை கொஞ்ச தூரம் போகும், இன்னொரு தடவை நாலைந்து பெயரோடு நின்றுவிடும். அதனால் மேலே இருக்கிறவர்களுக்குத் திரும்பத் திரும்பப் போயிருக்கும், கீழே இருக்கிறவர்களுக்கு ஒன்றுமே போயிருக்காது. இதையும் ஏதோ பாடம் நடத்துகிற மாதிரி விரலை மடக்கிச் சொன்னான். அவளுக்கு மண்டைக்குள் ஏறியது ஒன்றே ஒன்றுதான்.

“மொதப் பேரு யாரு பேரு?”

தமிழ்மாறன் மடக்கிய விரலை விரித்தான். “மச்சான் பேரு. அவருக்கு மெயில் இல்லேல்ல, அதான் முத்துப்பேச்சி முகவரியப் போட்டேன். மரியாதைக்கு அவரு பேருதான மொதல்ல இருக்கணும்?”

முத்துப்பேச்சி அண்ணன் மகள். மதுரையில் விடுதியில் தங்கி காலேஜ் படிக்கிறாள். தினமும் வீட்டுக்குப் போன் போடுகிறவள்.

“அட பாவி மனுசா!” என்றாள் சங்கிலியம்மாள். புருஷனை அவள் அப்படிச் சொன்னது அதுதான் முதல் தடவை. ஆறு சிஸ்டத்திலும் உட்கார்ந்திருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். “மூணு வருசமா மொகம் குடுத்துப் பேசாத மனுசன். வீடு தேடிப் போயி, கால்ல விழுந்தாச்சும் கூட்டியாரணும்னு நான் நெனச்சுக்கிட்டுக் கெடக்கேன். அவருக்கு நீங்க மெசினுல பத்திரிகை அனுப்புறீக, அதுவும் ஊருக்கெல்லாம் அனுப்புறப்ப சேத்து அனுப்புறீக! தெருக் கொழாயடில நோட்டீசு குடுக்குற மாதிரி! எம்மக காதுல ஓட்ட விழாமப் போச்சுய்யா, ஒங்களால!”

சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது. அழுகையோடு வீட்டுக்கு வந்தாள். குழம்பு அடிப்பிடித்துக் கிடந்தது. அடுப்பை அணைக்கவில்லை என்று இப்போது தெரிந்தது.

இத்தோடு சும்மா இருந்திருந்தால் அவன் தமிழ்மாறன் இல்லையே. அவள் அழுததைப் பார்த்ததும் பதறிப்போய், பரிகாரம் தேட உட்கார்ந்துவிட்டான். மத்தியானம் எல்லாருக்கும் இன்னொரு மெயில் போயிற்று: ‘முன்னர் அனுப்பிய காதணி விழா அழைப்பைத் தயவுசெய்து பொருட்படுத்த வேண்டாம்.’ அன்றைக்கென்று பார்த்து இந்தத் தடவை சர்வர் நிற்கவே இல்லை. முதல் பெயரிலிருந்து கடைசிப் பெயர் வரைக்கும் ஒரே மூச்சில் போய்ச் சேர்ந்து, ‘முடிந்தது’ என்று பச்சை எழுத்தும் வந்துவிட்டது.

மூன்று மணிக்கு ஆரம்பித்தது போன்.

“ஏத்தா சங்கிலி, விசேசம் நின்னு போச்சாமே? பிள்ளைக்கு ஒடம்பு கிடம்பு சரியில்லையா?” என்று சின்னமனூர்ப் பெரியம்மா. பெரியம்மாவுக்கு மெயிலும் தெரியாது, கம்ப்யூட்டரும் தெரியாது. ஓசூரிலிருந்து பேரன் போனில் சொல்லியிருக்கிறான்.

“எழவு கிழவு எதும் ஆயிருச்சா? சொல்லவே இல்ல?” என்று கூடலூரிலிருந்து ஒரு மாமா.

திருப்பூரில் பனியன் கம்பெனி வைத்திருக்கிற சித்தப்பா மகன் பெயர் லிஸ்டில் கடைசியில் இருந்தது. முதல் மெயில் வராமல் இரண்டாவது மட்டும் வந்திருக்கிறது. அவன் கேட்டதுதான் கொடுமை. “அக்கா, எங்களக் கூப்புடலேன்னா கூப்புடாம விடுங்க, நாங்க கோவிச்சுக்க மாட்டோம். கூப்புடாத விசேசத்துக்கு வராதீகன்னு வேற மெயில் போடணுமா?”

ஒவ்வொருத்தருக்காகச் சொல்லிச் சொல்லிச் சங்கிலியம்மாளுக்குத் தொண்டை கட்டிப்போயிற்று. இல்ல பெரியம்மா, நிக்கல. இல்ல மாமா, எல்லாரும் நல்லாருக்கோம். இல்லப்பா, ஒன்னையக் கூப்புடாம இருப்பமா? ஒரு விசேஷத்தைப் பத்திரிகை அடிக்காமலேயே ஊர் முழுக்கச் சொல்லி, ஊர் முழுக்க நிறுத்தி, ஊர் முழுக்க மறுபடியும் சொன்னது கம்பம் பள்ளத்தாக்கிலேயே இவர்கள் வீட்டில்தான் நடந்திருக்கும். வரவேண்டிய ஒரே ஒரு போன் மட்டும் வரவில்லை. வருசநாட்டிலிருந்து யாரும் பேசவில்லை.

வெள்ளிக்கிழமை வரைக்கும் பொறுக்க முடியாது என்று புதன்கிழமை விடிந்ததுமே கிளம்பினாள். தாம்பாளம், வெற்றிலை பாக்கு, மஞ்சள், குங்குமம், தேங்காய், பழம், பூ எல்லாவற்றையும் கட்டைப் பையில் வைத்தாள். தமிழ்மாறனும் சட்டையை மாட்டிக்கொண்டு வந்து நின்றான்.

“நீங்க வர வேணாம்.”

“நான்தானம்மா தப்பு பண்ணுனேன், நான் வந்து மன்னிப்புக் கேக்குறேன்.”

“கும்புடுறேன் சாமி. நீங்க மன்னிப்புக் கேட்டா அது பத்துப் பேருக்குப் போகும். கடையிலயே இருங்க. எதையும் தொடாதீக.”

தேனி போய், அங்கிருந்து வருசநாட்டு பஸ்ஸில் ஜன்னலோரமாக உட்கார்ந்தாள். கடமலைக்குண்டு தாண்டும் வரைக்கும் என்ன பேசுவது என்று மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனாள். அண்ணே, அவரு வேணும்னு செய்யலண்ணே. அண்ணே, அது மெசினு பண்ணுன கோளாறுண்ணே. எப்படிச் சொன்னாலும் கேவலமாகத்தான் இருந்தது. அந்த நேரம் பார்த்து போன் அடித்தது. தமிழ்மாறன்.

“சங்கிலி, ஸ்கிரிப்ட சரி பண்ணிட்டேன். இனிமே பாதியில நின்னாலும் விட்ட எடத்துல இருந்துதான் போகும்.”

அவள் போனை அணைத்துப் பையின் அடியில், தேங்காய்க்குக் கீழே போட்டாள்.

அண்ணன் வீட்டு முற்றம் முழுக்க இலவங்காய் குவிந்து கிடந்தது. ஒச்சாண்டி அதன் நடுவில் உட்கார்ந்து காயை உடைத்துப் பஞ்சைப் பிரித்துக்கொண்டிருந்தார். தலை, மீசை, தோள் எல்லாம் பஞ்சு. அவளைப் பார்த்தார். பார்த்துவிட்டு அடுத்த காயை எடுத்தார். மதினிதான் ஓடிவந்து கையைப் பிடித்து, தண்ணீர் கொடுத்து, முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள். சங்கிலியம்மாள் அண்ணனுக்கு எதிரில் தரையிலேயே உட்கார்ந்தாள்.

“ஒத்தையாவா வந்த?” என்றார் ஒச்சாண்டி, காயைப் பார்த்தபடியே.

“ஆமாண்ணே. அண்ணே, அந்த மெயிலு…”

“வந்துச்சு. முத்துப்பேச்சி சொல்லுச்சு. பத்துப் பன்னெண்டு தடவ வந்துச்சாம்.”

“அண்ணே, அது…”

“அப்பறம், வர வேணாம்னு ஒரு தடவ வந்துச்சாம்.”

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். முற்றத்து மண்ணைப் பார்த்துக்கொண்டு, புருஷனைப் பெயர் சொல்லித் திட்டினாள், மனசுக்குள்தான்.

“வரச் சொல்லிப் பத்துப் பன்னெண்டு, வேணாம்னு ஒண்ணு” என்றார் ஒச்சாண்டி. “கூட்டிக் கழிச்சுப் பாத்தா கூப்புட்டதுதான சாஸ்தி?”

சிரிக்கிறாரா என்று நிமிர்ந்து பார்த்தாள். சிரிக்கவில்லை.

“அண்ணே, அவரு மேல தப்புத்தான். ஒங்களுக்கு மொதல்ல நேர்ல வந்து சொல்லணும்னு நான் தலப்பாடா அடிச்சுக்கிட்டேன். அவரு ஒரு கூறுகெட்ட மனுசன்ணே. அன்னைக்குக் கடைத் தெறப்புலயும் அப்பிடித்தான், ஒங்களக் கூப்புடாம…”

“மாப்ளைய எதுக்கு வையிற?” ஒச்சாண்டி கையிலிருந்த காயைக் கீழே வைத்தார். “மாப்ள மேல எனக்கு ஒரு வருத்தமும் இல்ல. அன்னைக்கு அவருக்கு ஆயிரம் சோலி. கோட்டு சூட்டுப் போட்டவங்ஙெல்லாம் வந்து நிக்கிறப்ப, சந்து மொனையில நிக்கிற மச்சான் அவரு கண்ணுக்கு எங்கிட்டுத் தெரியப் போறேன்? ஆனா நீ வாசல்ல கோலத்துக்கிட்டத்தான நின்ன. பச்சச் சேல. நான் பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன். என் தங்கச்சி ஒரு தடவ இந்தப் பக்கம் திரும்பிப் பாக்கும், பாத்துரும்னு மாலை வாடுற மட்டும் நின்னேன்.”

சங்கிலியம்மாள் கீழே கிடந்த ஓர் இலவங்காயைக் கையில் எடுத்தாள். ஒச்சாண்டி விடவில்லை.

“சரி, அன்னைக்குத்தான் கூட்டம். அதுக்கப்பறம் மூணு வருசம். கம்பத்துக்கும் வருசநாட்டுக்கும் கடலா குறுக்க கெடக்கு? மாப்ள கை தவறியோ, மெசினு தவறியோ, என்னையப் பத்துப் பன்னெண்டு தடவ கூப்புட்டுட்டாரு. கூடப் பொறந்தவ நீ எத்தன தடவத்தா கூப்புட்ட?”

மூன்று வருஷமாக ‘நீங்க போங்க, நீங்க போங்க’ என்று புருஷனைத்தான் விரட்டிக்கொண்டிருந்தாள். அவன் போகாததைச் சொல்லிச் சொல்லிக் கோபப்பட்டாள். அந்தக் கோபம் இருந்ததால்தான், தான் போகவில்லை என்பதே அவளுக்குத் தோன்றாமல் இருந்தது. தங்கச்சியாக அவள் அண்ணனுக்கு ஒரு போன் கூடப் போட்டதில்லை. உட்கார்ந்த இடத்திலேயே தேம்பித் தேம்பி அழுதாள். ஒச்சாண்டி அவளைச் சமாதானப்படுத்தவில்லை. பஞ்சைப் பிரித்துக்கொண்டே, அழுது முடிக்கட்டும் என்று காத்திருந்தார்.

அப்புறம் அவள் எழுந்து முகத்தைக் கழுவினாள். பையைத் திறந்து தாம்பாளத்தை எடுத்து, வெற்றிலை பாக்கையும் பழத்தையும் பூவையும் அடுக்கினாள். பாக்கு இரண்டு தடவை உருண்டு விழுந்தது. ஒச்சாண்டி எழுந்து தோளில் கிடந்த துண்டால் தலையையும் மீசையையும் தட்டிவிட்டு, துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு வந்து நின்றார். அவள் தாம்பாளத்தை நீட்டினாள்.

“அண்ணே, எம்மகளுக்குக் காது குத்துறோம். நீங்கதாண்ணே வந்து மடியில வச்சு நடத்திக் குடுக்கணும்.”

தாம்பாளத்தை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

“அப்பிடியா? என்னைக்குத்தா விசேசம்?”

அவள் அவரை நிமிர்ந்து பார்த்தாள். தேதி, கிழமை, கோயில், நேரம் எல்லாம்தான் அந்த மெயிலில் இருந்ததே. பத்துப் பன்னிரண்டு தடவை வந்ததாயிற்றே. ஆனால் ஒச்சாண்டி ஒன்றும் தெரியாதவராக, பதிலுக்குக் காத்துக்கொண்டு நின்றார்.

“வைகாசி பதினாலுண்ணே. ஞாயித்துக்கெழம. எங்க கொலசாமி கோயில்ல.”

“வைகாசி பதினாலா? நல்லது, நல்லது” என்றார். பிறகு வீட்டுக்குள் திரும்பிக் குரல் கொடுத்தார்.

“இந்தா, வெளிய வா. யாழினிக்குக் காது குத்தாம். சங்கிலி வந்து மொத மொத நம்மகிட்டத்தான் சொல்லுது.”